இரண்டு சோலைகளின் தண்ணீர்

1942 ஜூன் மாதக் கடைசியில் மரிய புஷ்பம் அரியலூர் ரயிலடியில் இறங்கியபோது அவளிடம் ஒரு துணி மூட்டையும், ஒரு ஜெபமாலையும், ரங்கூனில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆறு வருஷம் வேலை பார்த்ததற்கான கடிதமும் இருந்தன. கணவன் அடைக்கலசாமி இல்லை. அவன் வரும் வழியிலேயே போய்விட்டான்.

ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ரங்கூனைவிட்டுக் கிளம்பிய லட்சக்கணக்கான ஜனங்களில் அவர்களும் இரண்டு பேர். காலேவாவிலிருந்து தாமு வரைக்கும், தாமுவிலிருந்து மணிப்பூர் எல்லை தாண்டியும் நடை. வானமே தெரியாத பெருங்காடு. அட்டைகள் காலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடித்தன. ஆனாலும் அந்தக் காட்டுக்குள் நடந்த ஒன்பது நாளும் தண்ணீருக்குக் கஷ்டம் வரவில்லை. எந்தப் பள்ளத்தில் இறங்கினாலும் வேர்களுக்கிடையிலிருந்து கண்ணாடி மாதிரி தண்ணீர் கசிந்து ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கையால் அள்ளிக் குடித்துவிட்டு நடந்தார்கள். பத்தாம் நாள் ஒரு முகாமுக்கு வந்தார்கள். பட்டாளத்து லாரிகளுக்குப் பாதை போடுவதற்காக அங்கே மலைச்சரிவு முழுவதையும் மொட்டையடித்திருந்தார்கள். ஓடை வற்றிக் குட்டையாகிச் சேறு கலங்கிக் கிடந்தது. வேறு தண்ணீர் இல்லை. அடைக்கலசாமிக்கு அன்று வாந்திபேதி கண்டது. மறுநாள் மத்தியானம் அவனைப் புதைத்துவிட்டு அவள் தனியாக நடந்தாள்.

ஏலாக்குறிச்சியில் பிறந்த வீட்டில் அவளை அழவிட்டார்கள், சோறு போட்டார்கள். இரண்டு மாதத்தில் அவளே கேட்டு ஒரு வேலை வாங்கிக்கொண்டாள். பெரம்பலூர்த் தாலுகாவில், பச்சைமலை அடிவாரத்தில், மருதோடை என்ற ஊரில் ஜில்லா போர்டுப் பள்ளி. அந்த ஊருக்குப் போக யாரும் ஒப்பாததால் அவளுக்குச் சுலபமாகக் கிடைத்தது.

அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குக் கரி பஸ்ஸில் போனாள். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் எல்லா பஸ்ஸும் கரிக்கு மாறியிருந்தது. வண்டியின் பின்பக்கம் ஒரு பெரிய உலை. கிளம்புவதற்கு முன்னால் கிளீனர் அரை மணி நேரம் விசிறிச் சக்கரத்தைச் சுற்றி நெருப்பை மூட்டுவான். மேட்டில் மூச்சு வாங்கும்போது ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். பஸ் மேலே மூட்டை மூட்டையாகக் கரி இருந்தது. அது எங்கிருந்து வருகிறதென்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

மருதோடையில் கலியம்மாள் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. கலியம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இல்லை. மூன்று காணி நிலத்தைத் தானே ஏர் பிடித்து உழுகிற பெண்பிள்ளை. ஊரில் எவனுக்கும் பயப்படமாட்டாள்.

ஊருக்கு மேலே மலையில் இரண்டு சோலைகள் இருந்தன. மற்ற இடமெல்லாம் பாறையும் புல்லும் முள்ளுமாகக் கிடக்க, மடிப்புக்குள் இருக்கும் அந்த இரண்டு பள்ளத்தாக்குகள் மட்டும் கோடையிலும் கறுத்த பச்சையாக இருந்தன. நாவலும் காட்டுமாவும் நீர்மருதும் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு நின்றன. மேற்கே இருந்ததை மேலைச்சோலை என்றும் கிழக்கே இருந்ததைக் கீழைச்சோலை என்றும் சொன்னார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் ஓடை இறங்கி, ஊருக்கு அரை மைல் மேலே இரண்டும் சேர்ந்து ஏரிக்கு வந்தன.

மரிய புஷ்பம் முதல் இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. மரக்கூட்டத்தைப் பார்த்தாலே வேறு பாதையில் திரும்பிவிடுவாள். ஐப்பசியில் ஒரு நாள் கலியம்மாள், தப்பிப்போன கிடேரியைத் தேடித் துணைக்குக் கூப்பிட்டாள். மறுக்க முடியாமல் போனாள். மேலைச்சோலைக்குள் பத்தடி வைத்ததும் வெயில் நின்றது. ஈர இலையின் வாசனை வந்தது. அவள் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"என்னாச்சு டீச்சரம்மா? தல சுத்துதா?"

"இல்லக்கா. இது அதே தண்ணி."

வேருக்கடியில் கசிந்ததைக் கையால் அள்ளிக் குடித்தாள். பர்மாவில் காட்டுக்குள் நடந்த ஒன்பது நாளும் அவளையும் புருஷனையும் உயிரோடு வைத்திருந்தது இந்த மாதிரித் தண்ணீர்தான். காட்டின் மேல் அவளுக்கிருந்த பயம் அன்றைக்குப் போய்விட்டது. புருஷனைக் கொன்றது மொட்டை மலையின் சேற்றுத் தண்ணீர்தான், அந்தப் பயத்தைக் காட்டின் மேல் வைத்ததே தப்பு என்று அவளுக்குப் பட்டது.

மார்கழியில் வைத்திலிங்கத்தின் ஆட்கள் வந்தார்கள். வைத்திலிங்கம் அரியலூர்க்காரர், கரி கான்ட்ராக்டர். சுற்றுவட்டார பஸ்களுக்கெல்லாம் கரி அவருடையது. மேலைச்சோலையை வெட்டி, மண்மூட்டம் போட்டுக் கரியாக்க வன ஆபீசிலிருந்து அவருக்கு உத்தரவாகியிருந்தது. அடுத்த வருஷம் கீழைச்சோலை. மரங்களின் அடியில் சுத்தியலால் முத்திரை அடித்துக்கொண்டு போனார்கள். ஊருக்கு அதில் சந்தோஷம்தான். அரிசி கிடைக்காத காலம். வெட்டுக்கும் சுமைக்கும் தினக்கூலி. மலைமேல் இருக்கும் குடிசைகளிலிருந்து அய்யாக்கண்ணு என்பவன் பதினெட்டுக் கோடாலிக்காரர்களுக்குத் தலைவனாக வந்தான். நெடுநெடுவென்று வளர்ந்த, அதிகம் பேசாத மனுஷன்.

மரிய புஷ்பம் அவனிடமே போய்ச் சொன்னாள், மரத்தை வெட்டினால் தண்ணீர் போய்விடும் என்று.

அய்யாக்கண்ணு கோடாலியைத் தீட்டிக்கொண்டே கேட்டான். "தண்ணி மலையிலேர்ந்து வருது. மரத்துலேர்ந்தா வருது?"

அவளுக்குக் கண்ணால் பார்த்தது தெரியும், காரணம் சொல்லத் தெரியாது. "எம் புருசன் செத்தது அப்படித்தான்" என்று சொன்னால் பரிதாபப்படுவார்களே தவிர நம்பமாட்டார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு முடிவுக்கு வந்தாள். அளந்து பார்ப்பது. பொய்யானால் பொய்யென்று தெரிந்துபோகட்டும்.

இரண்டு ஓடைகளிலும் பாறை இடுக்கில் தண்ணீர் விழும் இடத்தில் பனைமரத்தைக் குடைந்து செய்த தூம்பு ஒன்றைச் சொருகி, ஓரத்தைக் களிமண்ணால் அடைத்தாள். கலியம்மாளிடம் காலி மண்ணெண்ணெய் டின் ஒன்றை வாங்கிக்கொண்டாள். சனிக்கிழமை காலைதோறும் மலையேறித் தூம்பின் கீழே டின்னைப் பிடிப்பாள். நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறதென்று எண்ண வேண்டும். கடிகாரம் ஏது? சின்ன வயதிலிருந்து ஒரே நடையில் சொல்லிப் பழகிய ஒன்று அவளிடம் இருந்தது. 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கும் மந்திரம். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஜெபமாலை மணியைத் தள்ளிக்கொண்டே சொல்வாள். டின் வழியும்போது எத்தனை மந்திரம் ஆகியிருக்கிறதோ அதைப் பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொள்வாள்.

தை மாதம், வெட்டு ஆரம்பிப்பதற்கு முன்பு, மேலைச்சோலை ஓடையில் இரண்டு மந்திரத்தில் டின் நிரம்பியது. கீழைச்சோலையில் இரண்டரை. மேலை ஓடைதான் பெரியது.

மாசியில் கோடாலிச் சத்தம் தொடங்கியது. ஆறு வாரத்தில் மேலைச்சோலை தரையில் கிடந்தது. பிறகு இரண்டு மாதம் மலையிலிருந்து புகை எழும்பியது. மாட்டுவண்டிகள் கரியை ஏற்றிக்கொண்டு அரியலூர்ச் சாலையில் வரிசையாகப் போயின.

சித்திரையில் மேலை ஓடையில் ஐந்து மந்திரம் ஆனது, கீழையில் நான்கு. "கோடைன்னா கொறையத்தான் செய்யும்" என்றார்கள். அவள் எழுதிக்கொண்டாள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலை ஓடை செங்காவியாகத் திமிறிக்கொண்டு வந்து தூம்பையே பிடுங்கிக்கொண்டு போனது. அவள் வேறு தூம்பு வைத்தாள். காய்ச்சலில் இரண்டு சனிக்கிழமை போக முடியாதபோது கலியம்மாள் ஏறினாள். அவளுக்கு மந்திரம் தெரியாது. நாற்று நடும் பாட்டொன்றின் அடிகளை எண்ணிக்கொண்டு வந்து ஒப்பித்தாள். மரிய புஷ்பம் அதை மந்திரத்தோடு ஒத்துப் பார்த்து, "கலியம்மாள் அளந்தது" என்று தனியாகக் குறித்து வைத்தாள்.

1944 மாசியில் மேலை ஓடையில் டின் நிரம்ப ஐம்பத்துமூன்று மந்திரம் கொண்ட ஒரு முழு ஜெபமாலையும் போதவில்லை. பங்குனி இரண்டாம் சனிக்கிழமை தூம்பிலிருந்து சொட்டுகூட விழவில்லை. அந்த ஓடை வற்றி ஊரில் யாரும் பார்த்ததில்லை. கலியம்மாளின் கிணறு மேலை ஓடையின் ஓரத்தில் இருந்தது. அதில் தவளை மட்டும் கிடந்தது. கீழை ஓடை மெலிந்துபோனாலும் நிற்காமல் ஓடியது. ஐந்து மந்திரத்துக்கு ஒரு டின்.

அந்த வாரம்தான் கீழைச்சோலையை வெட்ட ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினார் வைத்திலிங்கம். மறுநாள் காலையில் அய்யாக்கண்ணு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான். கையில் கோடாலி இல்லை.

"எங்க குடிசைக்குத் தண்ணி மேலை ஊத்துலேர்ந்துதாங்க. இப்ப எம் பொஞ்சாதி மூணு மைலு போயி எடுத்தாரா, வவுத்துப் புள்ளயோட." தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டான். "போன வருசம் ஒங்களக் கேலியாக் கேட்டேன். நாந்தான் வெட்டுனேன். என்ன எழுதணுமோ எழுதுங்க. கைநாட்டு வைக்கிறேன்."

"கூலி போயிடுமே அய்யாக்கண்ணு?"

"போயிடும். அதப் பேசிட்டுத்தான் வந்தோம்."

அவனுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் மற்றவர்களும் நின்றார்கள். அவனும் அந்தப் பதினெட்டு பேரும் விரலை மையில் தோய்த்துக் கைநாட்டு வைத்தார்கள். மலையில் அந்த வருஷம் கேழ்வரகுகூடச் சரியாக விளையவில்லை. கிழங்கு தோண்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். தான் ஒன்றேகால் வருஷம் மலையேறியது இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை என்று மரிய புஷ்பத்துக்குத் தோன்றியது. அன்றைக்கே மனு எழுதி, நோட்டின் நகலோடு திருச்சிக்கு, ஜில்லா வன ஆபீசுக்கு அனுப்பினாள். பதில் வரும்வரை கோடாலி தூக்குவதில்லை என்று அய்யாக்கண்ணுவின் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். வெளியூர் ஆட்களைக் கொண்டுவரப் பார்த்தார் வைத்திலிங்கம். யுத்தகாலத்தில் ஆள் கிடைக்கவில்லை.

வைகாசி முதல் வாரத்தில் வன அதிகாரி குழந்தைவேல் நேரில் வந்தார். ஐம்பது வயது, காக்கி உடை, வெயிலில் கறுத்த முகம். கூடவே வைத்திலிங்கமும் வந்தார். இரண்டு ஓடைகளும் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, மேலை ஓடையின் காய்ந்த மணலில் வில் வண்டியை நிறுத்திவிட்டு, மரிய புஷ்பம், கலியம்மாள், அய்யாக்கண்ணு எல்லோருமாகக் கீழை ஓடைக்கு ஏறினார்கள்.

குழந்தைவேல் நோட்டைப் புரட்டினார். "என்னம்மா இது? அஞ்சு மந்திரம், நாலரை மந்திரம்னு போட்டிருக்கு?"

"கடியாரம் இல்லீங்க. ஜெபம் சொல்லி எண்ணுனது."

வைத்திலிங்கம் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. இடுப்புக் கடிகாரத்தை எடுத்தார். "எங்கே, பிடிங்க பார்ப்போம்."

அவள் டின்னைப் பிடித்து முணுமுணுத்தாள். டின் வழிந்தது. "அஞ்சுங்க."

"அறுபத்தஞ்சு விநாடி." அவர் இன்னொரு முறை பிடிக்கச் சொன்னார். பிறகு இன்னொரு முறை. அறுபத்தாறு, அறுபத்தைந்து. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அவளையே பார்த்தார். "ஒரு மந்திரத்துக்குப் பதிமூணு விநாடி. ஒண்ணரை வருஷம், ஒரு வாரம் விடாம."

"ரெண்டு வாரம் நான் போகலீங்க. இந்த அக்கா போனாங்க. அதையும் எழுதியிருக்கேன்."

"போன வருஷம் மழை கொறைச்சல் சார்" என்றார் வைத்திலிங்கம். "அதுல வத்திப்போனதுக்கு என் தலைய உருட்டுறாங்க."

"மழை ரெண்டு சோலைக்கும் ஒண்ணாத்தானேங்க பெஞ்சுது?" என்றாள் மரிய புஷ்பம்.

"கீழ இருக்கிற பாறை வேறயா இருக்கும்."

"இருக்கலாம்" என்றபடி அதிகாரி முதல் பக்கத்துக்குத் திருப்பினார். தை மாதக் கணக்கில் விரலை வைத்தார். "ஆனா வெட்டுறதுக்கு முன்னால மேலை ஓடையிலதான் ஜாஸ்தி வந்திருக்கு."

வைத்திலிங்கம் கோபக்காரர் இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "டீச்சரம்மா, நீங்க ஏறி வந்த பஸ்ஸும் என் கரியிலதான் ஓடுச்சு."

"ஓடுச்சுங்க. இல்லேன்னு சொல்லல. நானும் அதுல பங்குதான்."

குழந்தைவேல் நோட்டை மூடினார். "அம்மா, நீங்க சொல்றது நெஜம்னு எனக்குப் படுது. ஆனா இது யுத்தம். பட்டணத்துக்கு நெல்லு போகணும், தபால் போகணும். பஸ்ஸை நிறுத்துன்னு நான் எழுத முடியாது."

அவள் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். எல்லோரும் கீழே இறங்கத் திரும்பினார்கள்.

அப்போது மேற்கே இடித்தது. மத்தியானத்திலிருந்தே மேகம் கூடிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பத்து நிமிஷத்தில் கோடை மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் கீழைச்சோலை மரங்களுக்கடியில் ஒதுங்கினார்கள். மேலே இலைகள் பேரிரைச்சல் போட்டன. ஆனால் தரைக்குத் தூறலாகத்தான் வந்தது. அதையும் மக்கிய சருகு உறிஞ்சிக்கொண்டது. அதிகாரி குனிந்து சருகை ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பார்த்தார்.

அய்யாக்கண்ணு மட்டும் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று, "வண்டி!" என்று கத்திக்கொண்டு மழையில் பாய்ந்து ஓடினான். மற்றவர்களும் அவன் பின்னால் ஓடினார்கள்.

மேலை ஓடை வந்துகொண்டிருந்தது. மரமில்லாத சரிவில் விழுந்த மழையெல்லாம் ஒரு சொட்டும் தங்காமல் ஒரேயடியாக இறங்கி, மண்ணையும் பாறையையும் வேரோடு அடிமரங்களையும் உருட்டிக்கொண்டு, ஆள் உயரத்துக்குச் சிவப்பாக வந்தது. வண்டிக்காரன் எங்கோ ஒதுங்கியிருந்தான். மாடுகள் வண்டியோடு கட்டிக்கிடந்தன. அய்யாக்கண்ணு மணலில் குதித்து, இடுப்புக் கத்தியால் கயிற்றை வெட்டி, இரண்டு மாட்டையும் கரைக்கு விரட்டினான். கடைசி மாடு ஏறியபோது தண்ணீர் அவன் மார்புக்கு வந்துவிட்டது. கலியம்மாள் பாறையில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள். அவளோடு மரிய புஷ்பமும், வைத்திலிங்கமும், காக்கிச் சட்டையோடு அதிகாரியும் சேர்ந்து அவனை மேலே இழுத்துப் போட்டார்கள். வண்டி கண்ணெதிரே பிரிந்து சக்கரம் வேறு, கூண்டு வேறாகப் போனது.

முக்கால் மணியில் மழை விட்டது. இன்னும் முக்கால் மணியில் மேலை ஓடை வடிந்து, சேறும் கல்லுமாகக் கிடந்தது. குழந்தைவேல் மறுபடியும் கீழை ஓடைக்கு ஏறினார். அது கொஞ்சம் பெருத்திருந்தது. ஆனால் தெளிவாகவே ஓடியது. அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. தூம்பும் வைத்த இடத்தில் இருந்தது.

"பிடிங்கம்மா" என்றார்.

மூன்று மந்திரத்தில் டின் நிறைந்தது. அவர் டின்னிலிருந்து தண்ணீரை அள்ளிக் குடித்துவிட்டு, பாறையில் உட்கார்ந்து வைத்திலிங்கத்தைப் பார்த்தார்.

"உங்க கரிக்கு உடைமரம் ஆகாதா? அரியலூர்ச் சீமை முழுக்க உடையும் கருவேலும்தானே காடா மண்டிக் கிடக்கு?"

"ஆகும் சார். அங்கங்க சிதறிக் கெடக்கும். பொறுக்கிச் சேர்க்கணும், வேலை அதிகம்."

"அதிகம்தான். அது வெட்ட வெட்டத் துளிர்க்கும். இதுக்கு எத்தனை தலைமுறை ஆகும்னு எனக்கே தெரியாது." பிறகு மெதுவாகச் சொன்னார். "இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். காடு தண்ணியைப் பிடிச்சு வைக்கும்னு பரிட்சையில எழுதிப் பாஸ் பண்ணினவன் நான். இன்னிக்குத்தான் பார்த்தேன்."

ஆனி மாதம் உத்தரவு வந்தது. கீழைச்சோலை வெட்டுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மேலைச்சோலையில் பத்து வருஷத்துக்கு ஆடுமாடு விடக்கூடாது. வைத்திலிங்கம் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு ஜெயங்கொண்டம் பக்கம் உடைமரம் வெட்ட அய்யாக்கண்ணுவின் ஆட்களையே கூப்பிட்டு அனுப்பினார். பாதிப்பேர் போனார்கள். அய்யாக்கண்ணு போகவில்லை. அவன் பெண்டாட்டிக்கு அந்த மாதம் பெண் குழந்தை பிறந்திருந்தது. அவன் மேலைச்சோலையைச் சுற்றி முள்வேலி போடத் தொடங்கினான். அவனாகவே செய்தான். யாரும் சொல்லவில்லை.

பஸ்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

வேலி விஷயத்தில் ஊரில் சண்டை வந்தது. ஆடு வைத்திருந்தவர்கள் இரண்டு முறை பிய்த்துப் போட்டார்கள். கலியம்மாள் அவர்கள் வாசலில் போய் நின்று, கிணற்றிலிருந்து அள்ளிய சேற்றை ஒரு சட்டியில் கொண்டுபோய்க் காட்டி, இதைக் குடிப்பாயா என்று கேட்டாள். அதற்கப்புறம் வேலி நின்றது.

1947 கோடையில் கீழை ஓடையை நம்பித்தான் மருதோடையும் மலைக்குடிசைகளும் இருந்தன. பக்கத்து ஊர்ப் பெண்களும் குடத்தோடு வந்தார்கள். தூம்படியில் வரிசை நின்றது. மேலைச்சோலையில் வெட்டுப்பட்ட நாவல் கட்டைகள் துளிர்த்து ஆள் உயரத்துக்கு வந்திருந்தன. ஓடை வரவில்லை. ஆனால் ஒரு வேர்ப்பொந்தில் கை நனைகிற அளவுக்கு ஈரம் இருந்தது. மரிய புஷ்பம் அதை நோட்டில் எழுதினாள். எத்தனை மந்திரம் என்று போட ஒன்றுமில்லாததால் "ஈரம்" என்று மட்டும் எழுதினாள்.

கலியம்மாள் முள்ளைச் சுமந்து வந்து இறக்கிவிட்டு, இடுப்பில் கைவைத்துத் துளிர்களைப் பார்த்தாள்.

"நாம இருக்கறப்பவே இது பழையபடி சோலையா ஆயிடுமா டீச்சரம்மா?"

"ஆகாதுக்கா. நம்ம காலத்துல ஆகாது."

"அப்ப அந்த மூலைய இன்னும் கொஞ்சம் நெருக்கிக் கட்டணும்" என்று சொல்லிவிட்டுக் கலியம்மாள் முள்ளை எடுத்தாள். அய்யாக்கண்ணு வேலியின் மறுபக்கத்திலிருந்து கட்டுக்கயிற்றை வாங்கிக்கொண்டான்.